+65 என்று வரும் அழைப்பும், வங்கிக் கணக்கை இரவல் கேட்பவர்களும்

கேள்வி: எஸ் பாஸ் வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. 'மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸ்போர்ட் விவரத்தில் பிழை' என்று +65 எண்ணிலிருந்து போன் வந்தது. பயந்துபோய் வைத்துவிட்டேன். உண்மையாக இருக்குமா? போன், வங்கிக் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்க என்ன செய்து வைக்கணும், அண்ணா?

தம்பி, வைத்தது நல்லது. அது மோசடி அழைப்புதான், எண்ணுக்கு முன்னால் இருந்த '+' குறியே காட்டிக் கொடுக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு இங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் 2020 முதல் '+' போட்டுத்தான் அனுப்புகின்றன. உள்ளூரிலிருந்து கூப்பிட்டால் வெறும் எட்டு இலக்கம்தான் திரையில் வரும். பெண்டிமியர் ரோட்டில் உள்ள மனிதவள அமைச்சு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கூப்பிட்டால், 65 சிங்கப்பூரின் எண்ணே என்றாலும், +65 என்று வர வாய்ப்பில்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனம். வாட்ஸ்அப்பில் எல்லா எண்ணுக்கும் '+' இருக்கும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அதேபோல '+' இல்லை என்பதற்காக நம்பியும் விடாதீர்கள். உள்ளூர் சிம்களை அடுத்தவர் பெயரில் வாங்கி அதன் வழியாகப் பேசுகிற கும்பலும் உண்டு.

நீங்கள் தொடர்ந்து பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை உதவும். 'உங்கள் பெயரில் ஒரு சிம் குற்றத்துக்குப் பயன்பட்டிருக்கிறது' என்பார்கள். இதோ போலீசுக்கே இணைப்புத் தருகிறோம் என்று இன்னொருவரிடம் மாற்றுவார்கள். அவர் வீடியோவில் சீருடையோடு வருவார், பின்னால் சின்னம் போட்ட சுவர் இருக்கும். விசாரணை ரகசியம், அறைத் தோழரிடம்கூடச் சொல்லக்கூடாது என்பார். கடைசியில் 'சரிபார்ப்பதற்காக' உங்கள் பணத்தை ஒரு 'பாதுகாப்புக் கணக்குக்கு' அனுப்பச் சொல்வார். சிங்கப்பூர் அரசு அதிகாரி யாரும் போனில் பணம் அனுப்பச் சொல்வதில்லை, வங்கி லாகின் கேட்பதில்லை, ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி இறக்கச் சொல்வதில்லை, அழைப்பைப் போலீசுக்கு மாற்றிவிடுவதும் இல்லை. இந்த நான்கில் ஒன்று வந்தாலும் பதில் சொல்லாமல் வைத்துவிடலாம். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா, மோசடி உதவி எண்ணான 1799-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஸ்கேம்ஷீல்டு செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள், வந்த எண்ணையோ லிங்கையோ அதிலேயே சோதிக்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது, வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுப்பது. உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் இந்த வசதி இருக்கிறது. ஊரில் அம்மா எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் அழைப்பு இணையம் வழியாக வருவதால் அதை இது தொடாது. ஊரிலிருந்து சாதாரண அழைப்பு எதற்காவது காத்திருக்கும் நாளில் மட்டும் தடையை எடுத்துவிட்டால் போதும்.

குறுஞ்செய்தி விஷயத்தில் இந்த ஊர் பட்டுத் திருந்தியது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிச் செய்திகள் வந்தன. வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிட்டத்தட்ட 790 பேர் 1.37 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இழந்தார்கள். அதன்பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்புவதை நிறுத்தின. ஆகவே வங்கிப் பெயரில் லிங்க்கோடு ஒரு செய்தி வந்தால் திறக்காமலே அழிக்கலாம். குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்களுக்கான பதிவேட்டில் இல்லாத பெயரில் வரும் செய்திகள் 2023 முதல் 'லைக்லி ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) என்ற தலைப்பில் விழுகின்றன. ஆனால் இந்தப் பதிவேடு குறுஞ்செய்திக்கு மட்டும்தான் காவல். ஐமெசேஜ், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே 'பார்சல் நிற்கிறது, முகவரி கொடுங்கள்' என்று வந்தால் அதை இந்தப் பதிவேடு வடிகட்டாது.

இனி வங்கிச் செயலி. தினசரிப் பணமாற்ற வரம்பைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் உங்கள் தேவையைவிட மிக அதிகமாக இருக்கும். வாடகைக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் எவ்வளவு தேவையோ அந்த அளவுக்குக் குறையுங்கள். எவ்வளவு சிறிய தொகை போனாலும் செய்தி வரும்படி அறிவிப்பை மாற்றுங்கள். திருடன் பல சமயம் முதலில் சில காசுகளை எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் பெரிய தொகைக்கு வருவான். சேமிப்பு கொஞ்சம் சேர்ந்ததும் பூட்டு வசதியில் போடுங்கள். டிபிஎஸ்ஸில் டிஜிவால்ட், ஓசிபிசியில் மணி லாக், யூஓபியில் லாக்அவே. அங்கே வைத்த பணத்தை ஆன்லைனில் யாராலும் நகர்த்த முடியாது, உங்களாலும்தான். வெளியே எடுக்க நேரில் போய் அடையாளம் காட்ட வேண்டும். அந்தத் தொல்லைதான் அதன் பலமே.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது ஆண்ட்ராய்டு போனில் ஏபிகே கோப்பை, அதாவது ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் செயலிக் கோப்பை, இறக்குவதில். ஃபேஸ்புக்கில் மலிவு விலை மீன், ஏசி சர்வீஸ் என்று விளம்பரம் வரும், 'ஐந்து வெள்ளி முன்பணம் கட்ட இந்தச் செயலியை இறக்குங்கள்' என்பார்கள். புதுப்படமும் கிரிக்கெட்டும் இலவசமாகக் காட்டுகிறேன் என்று வரும் ஏபிகேயும் அதே ஆபத்துதான், அறைக்கு அறை பரவுகிறது. நிறுவியதும் 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் உங்கள் திரையில் உள்ளதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் போய்விடும், பெரும்பாலும் நீங்கள் தூங்கும் நேரத்தில். இப்போதே செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய், தெரியாத செயலி எதுவும் 'ஆன்' நிலையில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் உடனே ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். அந்தப் போனில் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கும் ஆசையே வேண்டாம்.

அறை தேடுகிறீர்கள் என்றால், பார்க்காத அறைக்கு ஒரு வெள்ளி கொடுக்காதீர்கள். 'பார்க்க நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்கள், முன்பணம் போட்டால் உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன்' என்பதுதான் வழக்கமான பாட்டு. முகவர் தன் பதிவு எண்ணையும் முகவர் அட்டையின் படத்தையும் அனுப்புவார். அது உண்மையான முகவருடையதாகவே இருக்கும், அனுப்பியவர்தான் வேறு ஆள். சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் கைபேசி எண்ணைப் போட்டுத் தேடி, பதிவாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கவே விதி இடம்தரவில்லை. பணம் உரிமையாளருக்குத்தான் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிய கவலை. ஏமாந்தால் பணம்தான் போகும், இதில் பாஸும் போய்விடும். 'உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் முந்நூறு தருகிறேன்', 'உன் சிங்பாஸில் (அரசு மின் அடையாளச் செயலி) ஒருமுறை ஓகே அழுத்து', 'உன் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடு' என்று சாப்பாட்டுக் கடையிலோ டெலிகிராமிலோ யாராவது கேட்பார்கள். கேட்பவர் தெரிந்தவராகவும் இருக்கலாம். அந்தக் கணக்கில் விழப்போவது இன்னொருவரை ஏமாற்றிய பணம், போலீஸ் வந்து நிற்பது கணக்குக்காரர் வீட்டு வாசலில். சிங்பாஸ் விவரத்தை அப்படிக் கொடுப்பது 2024 பிப்ரவரி முதலும், சிம்மை அப்படிக் கொடுப்பது 2025 ஜனவரி முதலும் தனிக் குற்றங்கள். இரண்டுக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'எதற்கென்று எனக்குத் தெரியாது' என்பது முன்போல எடுபடாது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் விட்டாலே வழக்குப் போடும்படி சட்டத்தை மாற்றிவிட்டார்கள். கணக்கைக் கொடுத்தவருக்குப் பிரம்படி விதிக்கவும் 2025-இல் இடம் கொடுத்துவிட்டார்கள்.

இதன் இன்னொரு முகம் ஊருக்குப் பணம் அனுப்புவது. உரிமம் பெற்ற கடையைவிட நல்ல ரேட் தருகிறேன் என்று ஒருவர் வெள்ளியை வாங்கிக்கொண்டு, ஊரில் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து உங்கள் அப்பா கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் மோசடிப் பணமாக இருந்தால், இந்திய சைபர் கிரைம் போலீஸ் தடம் பிடித்து வந்து முடக்குவது அப்பாவின் கணக்கை. அதை மீட்க அலைய வேண்டியவரும் அவர்தான். சில ரூபாய் வித்தியாசத்துக்கு இது வேண்டாம்.

மீறிப் பணம் போய்விட்டால் நிமிடம்தான் கணக்கு. பேநவ் வழியாக அனுப்பும் பணம் உடனே போய்ச் சேரும், வாங்கியவன் அடுத்த கணக்குக்குத் தள்ளுவதற்குள் பிடிக்க வேண்டும். முதலில் வங்கி: செயலியிலோ ஹாட்லைனிலோ உள்ள 'கில் ஸ்விட்ச்' மூலம் கணக்கை முடக்குங்கள். அடுத்து போலீஸ் புகார், இணையத்திலேயே கொடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட், எண், பணம் போன கணக்கு விவரம் எதையும் அழிக்க வேண்டாம், வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடுகிறவர்களும் உண்டு. மோசடி இழப்பை யார் ஏற்பது என்று 2024 டிசம்பரில் வந்த விதிமுறை, போலித் தளத்தில் விவரம் திருடப்பட்டு, வங்கியோ தொலைபேசி நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால்தான் கை கொடுக்கும். நீங்களே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது.

ஊர்க் கணக்கில் பணம் போனால் இந்தியாவில் சைபர் மோசடிப் புகார் எண் 1930. அந்த எண் இங்கிருந்து கிடைக்காமல் போகலாம், ஆகவே வீட்டில் ஒருவரிடம் வங்கிக் கணக்கு விவரத்தையும் வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணையும் இப்போதே கொடுத்து வையுங்கள். சிபிஐ என்று வீடியோவில் வந்து 'டிஜிட்டல் கைது' என்பார்கள், அப்பா அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள்: இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.