வாத்துக் கதைகள் முழுத்தொகுதியாக வருமா?

மதிப்புக்குரிய ஐயா,

பழைய சித்திரக்கதைகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். மாயாவி, டெக்ஸ் வில்லர் போன்ற சாகச நாயகர்களுக்கு மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு வருகிறது. மிருகங்கள் நாயகர்களாக வரும் பழைய கதைகளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சின்ன வயதில் பூந்தளிர் என்ற சிறுவர் இதழில் வாசித்த குரங்கு கபீஷும் காக்கை காளியும் ஒரு முழுத்தொகுதியாக வராதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா கார்ல் பார்க்ஸ் வரைந்த டொனால்ட் டக் தொகுதிகளில் இரண்டை அனுப்பியிருந்தார். அதைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. அவர்களால் முடிந்தது எங்களால் ஏன் முடியவில்லை? அந்த வரிசையில் ஏழாம் தொகுதிதான் முதலில் வந்ததாம். ஏன் அப்படி? நாற்பது வயது தாண்டியும் வாத்துப் புத்தகமா என்று வீட்டில் பேச்சு வேறு.

க., சுன்னாகம்

அன்புள்ள க.,

வீட்டுப் பேச்சை மனதில் எடுக்காதீர்கள். அண்ணா அனுப்பியதில் அந்த ஏழாம் தொகுதி இருந்தால், சதுர முட்டைக் கதையை இன்னொருமுறை எடுத்து வாசியுங்கள். 1949 இல் வந்த கதை. அருங்காட்சியகத்தில் தூசி தட்டும் வேலையில் இருக்கிறான் டொனால்ட். கல் என்று நினைத்து வைத்திருந்த ஒன்று அவன் கைதவறி விழுந்து உடைகிறது. பார்த்தால் அது சதுரமான முட்டை. உடனே பேராசிரியர்கள் கப்பலேறுகிறார்கள். கப்பலில் ஒருவருக்கு ஒம்லெட் வேண்டுமாம். அந்தக் கட்டளை அதிகாரி அதிகாரியாகக் கீழே இறங்கி, கடைசியில் டொனால்டிடமும் மருமக்களிடமும் வந்து சேர்கிறது. சின்னப் பிள்ளைக்கு அது வெறும் சிரிப்பு. கந்தோரில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தெரிந்த முகங்கள். அவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் டொனால்ட் ஊருக்குக் கொண்டுவரும் இரண்டு சதுரக் கோழிகளும் சேவல்கள்! வயது போகப் போகத்தான் இந்தக் கதை கூடுதலாகப் பிடிக்கிறது.

ஏழாம் தொகுதி முதலில் வந்ததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். 2011 இல் அந்த வண்ண வரிசையைத் தொடங்கியபோது, பார்க்ஸின் கை நன்றாகப் பழுத்திருந்த காலத்துக் கதைகளை முதலில் இறக்கினார்கள். ஆரம்பகாலக் கதைகளில் தொடங்கி, அவை விலைபோகாமல் கிடந்தால் வரிசையே நின்றுவிடும். முழுத்தொகுதிக்கு ஆசைப்படுகிற வாசகர்கள் இந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் வந்த பிறகு சேர்த்து வாங்கலாம் என்று எல்லோரும் இருந்தால், எல்லாம் வராது.

சரி, அவர்களால் எப்படி முடிந்தது?

பார்க்ஸ் வரைந்த காலத்தில் அந்தப் புத்தகங்களில் அவர் பெயரே இல்லை. வால்ட் டிஸ்னியின் பெயர்தான் இருக்கும். ஆனாலும் வாசித்த பிள்ளைகள் வரைந்த கோடுகளைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள். பெயர் தெரியாததால் 'நல்ல வாத்து ஓவியர்' என்றே தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். 1960 அளவில்தான் ஒருசிலர் தேடிப்பிடித்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். 1966 இல் அவர் ஓய்வு பெற்றார். அவர் வரைந்த மூலப்பக்கங்களில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகும், 1983 முதல் 1990 வரை முப்பது தொகுதிகளாக, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், அவர் கதைகள் வெளிவந்தன. எந்தக் கதை எந்த இதழில் வந்தது, எது பார்க்ஸ் வரைந்தது, எது வேறொருவர் வரைந்தது என்று வாசகர்கள் வருடக்கணக்காக எழுதிவைத்த பட்டியல்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் பிளாக்பியர்ட் என்ற அமெரிக்கர். அறுபதுகளில் அங்கே நூலகங்கள் பழைய பத்திரிகைகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துவிட்டு, கட்டிவைத்த தாள்களைக் கழித்துக்கொண்டிருந்தன. மைக்ரோஃபிலிமில் எழுத்து தெரியும். ஆனால் வண்ணம் போய்விடும், மெல்லிய கோடுகளும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதை இருந்தது அந்தத் தாள்களில் மட்டும்தான். தனிமனிதருக்குக் கொடுக்க மாட்டோம் என்று நூலகம் சொன்னதால், 1968 இல் இலாபநோக்கற்ற நிறுவனம் ஒன்றையே பதிவு செய்தார். தாள்களை அள்ளிக்கொண்டு வந்து சான் பிரான்சிஸ்கோவில் தன் வீட்டில் அடுக்கினார். 1998 இல் அந்தச் சேகரம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய லொறிகள் தேவைப்பட்டன. எடை 75 தொன் அளவில்.

ஜோர்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944 வரை வரைந்த பூனைக் கதை இன்று புத்தகமாக இருப்பதற்கு பிளாக்பியர்ட் சேர்த்து வைத்த தாள்கள் பெரும் காரணம். பூனையைக் கண்டால் எலி செங்கல்லால் எறியும், பூனைக்கு அது அன்பாகத் தெரியும், நாய்ப் பொலிஸ் எலியைப் பிடிக்க வரும். முப்பது வருடமும் இவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு பக்கம்கூடச் சலிக்காது. அதன் ஞாயிறு பக்கங்களை 1988 இல் ஒரு பதிப்பகம் தொகுக்கத் தொடங்கி, பாதியில் அதுவே மூடுபட்டுப் போனது. பிறகு வேறொரு பதிப்பகம் எடுத்து முடித்தது. வோல்ட் கெலி 1948 இல் தொடங்கிய போகோவும் அப்படித்தான். சதுப்புநிலத்தில் வாழும் ஒப்போசம் என்ற சிறு விலங்கு ஒன்றின் கதை அது. எல்லா நாளும் வரிசையாக அடங்கிய பதிப்பின் முதல் தொகுதி 2011 இல்தான் கைக்கு வந்தது. வாசகர்கள் அவ்வளவு காலம் காத்திருந்தார்கள்.

இனி எங்கள் பக்கம். கபீஷ் ஆனந்த் பை உருவாக்கிய குரங்கு, வரைந்தவர் மோகன்தாஸ். காக்கை காளியை லூயி பெர்னாண்டஸ் எழுத, பிரதீப் சாத்தே வரைந்தார். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் வழியாகத்தான் இரண்டும் எங்களிடம் வந்தன. அதுவும் ஒழுங்காக வந்ததா? எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் இந்தியப் புத்தகம் என்றால் யாராவது போய்வரும்போது பெட்டியில் கொண்டுவந்ததுதான். ஒரு இதழ் ஒழுங்கை முழுக்கச் சுற்றித் திரும்பி வரும்போது அட்டை இருக்காது. அதற்கும் தப்பியதைத் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு கொண்டுபோனது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த சனம் எந்தப் புத்தகத்தைத் தூக்கும்?

ஆனாலும் சில தப்பியிருக்கின்றன. வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலைய அலுமாரியில், பள்ளிக்கூடக் கொப்பி மட்டையில் வைத்துத் தைத்த பூந்தளிர்க் கட்டு ஒன்றைப் பார்த்தேன். சாக்கு நூலால் தைத்திருந்தார்கள். பழைய கம்பிகள் துருப்பிடித்து, தாளில் மண்நிறத்தில் இரண்டிரண்டு பொட்டுகள். மாப்பசை பூசிய முதுகை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. கபீஷின் வால் மரத்தைத் தாண்டி நீளும் ஒரு பக்கத்தை யாரோ பிளேட்டால் வடிவாக வெட்டி எடுத்திருந்தார்கள். மற்றப் பக்கங்களில் பச்சையும் மஞ்சளும் இன்னும் மங்கவில்லை. எனக்கு அந்த இடத்தைவிட்டு வர மனமில்லை.

தமிழில் வருமா என்று கேட்டால், வழி இருக்கிறது என்றுதான் சொல்வேன். சிவகாசியில் லயன், முத்து சித்திரக்கதை வெளியீடுகள் சந்தாவிலும் முன்பதிவிலும் நடக்கின்றன. இவ்வளவு பேர் காசோடு நிற்கிறார்கள் என்று தெரிந்தால் பதிப்பாளர் துணிவார். உரிமை வாங்குவது அவர் வேலை. நல்ல நிலையில் உள்ள பக்கங்களைக் காட்டுவது எங்கள் வேலை. விலையும் யோசிக்க வேண்டியது. அண்ணா அனுப்பிய மாதிரித் தொகுதி ஒன்று முப்பது டொலர் அளவில். எங்கள் காசில் ஒன்பதாயிரத்தைத் தொடும், தபால் செலவு வேறு. எங்களுக்குக் கெட்டி அட்டையும் மினுங்கும் தாளும் வேண்டாம். அன்றைய வண்ணம் அப்படியே தட்டையாக, ஓவியர் பெயர் அட்டையில் பெரிதாக, இதழும் திகதியும் கீழே. எனக்கு அது போதும்.

முழுத்தொகுதி என்று போட்டாலும் எல்லாம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 2023 இல், பார்க்ஸுக்குப் பின் வந்த வாத்து ஓவியர் டொன் ரோசா டொனால்டின் பணக்கார மாமா ஸ்க்ரூஜை வைத்து வரைந்த கதைகள் இரண்டை இனி அச்சிடுவதில்லை என்று டிஸ்னி முடிவெடுத்தது. அவற்றில் வரும் ஒரு பாத்திரத்தின் சித்திரிப்புதான் காரணம். பழைய கதைகளில் பிற இனத்தவரை வரைந்த விதம் பல இடங்களில் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் முன்னுரை எழுதி, பிழையைப் பிழை என்று சொல்லி அச்சிட வேண்டும் என்பது என் எண்ணம். எடுத்துவிட்டால் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

இப்போது உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்களிடமும் கூட்டாளிகளிடமும் இருக்கும் இதழ்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். இதழ் இலக்கம், மாதம், எந்தக் கதை, எத்தனை பக்கம், எது கிழிந்தது என்று எழுதினால் போதும். செலோரேப் ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். ஸ்கேன் பண்ணும்போது கட்டை அமுக்கி விரிக்க வேண்டாம், முதுகு உடைந்துவிடும். ஈழத்துச் சிறுவர் இதழ் ஏதாவது அகப்பட்டால் அதைத் தனியாக வையுங்கள். 2005 இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து வெளியீடுகளை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழை இன்று நாங்கள் வீட்டிலிருந்தே புரட்ட முடிவது அவர்களால்தான். இந்திய இதழ்களுக்கு அப்படி ஒரு இடம் இங்கே இல்லாதபடியால், பட்டியலாவது எங்கள் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் தேவைப்படுவது பூந்தளிரின் தொடக்ககால இதழ்கள், 1984, 85 அளவில் வந்தவை. சுன்னாகம், மருதனார்மடம் பக்கம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். இரவல் கேட்க மாட்டேன், வீட்டுக்கு வந்து அங்கேயே இருந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.