இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கலைகளுக்குச் செலவிடப்படும் பொதுநிதியைப் பற்றி நீங்கள் அண்மையில் எழுதிய குறிப்பை வாசித்தேன். ஒரு சிற்றூரில் நூலகமோ நாடக அரங்கோ மூடப்படுவது அங்கே பள்ளி மூடப்படுவதற்கு நிகரான இழப்பு என்று அதில் சொல்லியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நான் கலைக்கு எதிரானவன் அல்லன். புத்தகங்களை விலை கொடுத்து வாங்குகிறேன், நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு எடுத்துச் செல்கிறேன். ஆனால் மருத்துவமனைகளில் படுக்கைகள் போதாமல் இருக்கும்போது வரிப்பணம் ஏன் நாடகத்துக்கும் இசைக்கும் போகவேண்டும்? விரும்புகிறவர்கள் கட்டணம் செலுத்தட்டும். கட்டணம் செலுத்தப் போதிய ஆட்கள் இல்லாத கலையை அரசு தாங்கிப் பிடிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பணம் கொடுப்பவரின் சொல்லுக்குக் கலைஞன் கட்டுப்பட்டுப் போவான் என்ற அச்சமும் எனக்கு உண்டு. கலைவிழாக்களால் சுற்றுலாவும் வணிகமும் பெருகும் என்று சிலர் சொல்லும் காரணத்தை நான் நம்பவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிறிய ஊருக்குக் கிடைக்கும் சொற்பப் பணத்தை நீங்கள் எதற்குத்தான் செலவிடுவீர்கள்?

அன்புடன்,
தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி மறுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். விழா நடந்தால் விடுதிகள் நிரம்பும், கடைகளில் விற்பனை கூடும், ஆகவே கலைக்குப் பணம் தாருங்கள் என்று கேட்பது பல நாடுகளில் நிதி கேட்டுச் செல்பவர்களின் வழக்கமான பேச்சாகிவிட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் நாடகம் பார்க்கச் செலவிட்ட பணம் பெரும்பாலும் அவர் வேறொன்றுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய பணம்தான் என்றும், ஊரின் மொத்த வருமானத்தை அது உயர்த்திவிடுவதில்லை என்றும் பொருளியலாளர்கள் சொல்வது சரியே. இந்த வாதத்தை நம்பி நிற்பவர்கள், ஒரு வணிக வளாகம் அதைவிடக் கூடுதல் வருமானம் தரும் என்று யாராவது கணக்குக் காட்டும் நாளில் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் அரங்கின் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியிருக்கும் என்பதே எனக்கு அதைவிடக் கவலை தருகிறது.

விரும்புகிறவர்கள் கட்டணம் செலுத்தட்டும் என்று நீங்கள் சொல்வதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவதை வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் விளக்கினார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட, நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைப்படைப்பை இன்று வாசிப்பதற்கும் அதே நால்வரும் அதே நேரமும் வேண்டும். ஆலைகளில் ஒரு மணி நேர உழைப்பு இன்று அன்றைவிடப் பல மடங்கு பொருள்களை உண்டாக்குகிறது, அதற்கேற்ப எல்லாத் துறைகளிலும் ஊதியமும் ஏறுகிறது. கலைஞரும் அந்த உலகில்தான் வாழ்ந்தாக வேண்டும் என்பதால் அவருடைய ஊதியமும் ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் அவருடைய வேலையை விரைவுபடுத்த வழியில்லை. ஆகவே நிகழ்த்துகலையின் செலவு மற்றப் பொருள்களைவிட ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும், நிர்வாகத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதும். கற்பிப்பதிலும் நோயாளிகளைப் பராமரிப்பதிலும் இதே நிலைதான் இருக்கிறது. பள்ளியின் செலவு முழுவதையும் மாணவர்களின் கட்டணத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று நாம் பொதுவாகக் கேட்பதில்லை.

இரண்டாவது சிக்கல் எளிய கூட்டல் கழித்தல்தான், ஆனால் சிற்றூர்களைப் பொறுத்தவரை அதுவே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஏதோ ஒரு கலையை நூறு பேரில் ஒருவர் உண்மையாக நேசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் அவர்கள் பத்தாயிரம் பேர். அவர்களுடைய கட்டணத்தில் ஓர் அரங்கு ஆண்டு முழுவதும் இயங்கக்கூடும். ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் அவர்கள் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரின் ஆர்வம் நகரத்துக்காரரின் ஆர்வத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை, அவர்களும் அதே வரியைத்தான் செலுத்துகிறார்கள், ஆனால் ஐம்பது சீட்டுகளால் ஒரு கூரையைக்கூடப் பழுதுபார்க்க முடியாது. எனவே கட்டணம் செலுத்தப் போதிய ஆட்கள் இல்லை என்று நீங்கள் எழுதும்போது, அந்தக் கலை எவருக்கும் வேண்டாதது என்ற பொருள் அதிலிருந்து கிடைத்துவிடாது. வேண்டுகிறவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது மட்டுமே அதிலிருந்து தெரியவருவது.

பொதுநிதி என்றவுடன் நம் மனத்தில் எழுவது மேடையும் விளக்கும் விழாவும்தான். நுழைவுச்சீட்டு அந்த மாலைப்பொழுதின் செலவில் ஒரு பகுதியையாவது ஈட்டிவிடுகிறது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடக்கும் முந்நூறு நாட்களுக்கு யார் பணம் தருவார்கள்? ஒத்திகைக்கான அறை, அதைத் திறந்து பூட்டும் ஆள், தந்தி அறுந்த வாத்தியத்தைச் சீராக்கும் கூலி, வாரம் தவறாமல் வந்து குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரின் சம்பளம் ஆகிய இவற்றுக்குச் சீட்டு விற்க முடியாது, கொடையாளர் பெயரைப் பொறிக்கவும் இவற்றில் இடம் இல்லை. ஒரு சமூகம் தன் கலையை நினைவில் வைத்திருப்பது இந்த நாட்களில்தான் என்பதால், பொதுப்பணம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடமும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

நூலகங்களின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. பிரிட்டனில் 1850இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோது, எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்துவதற்காக, சொத்து மதிப்பில் ஒரு பவுண்டுக்கு (பிரிட்டனின் நாணயம்) அரைப் பென்னி மட்டுமே வரி விதிக்கலாம் என்றும், அதைக் கட்டடத்துக்கும் ஊழியருக்கும் செலவிடலாமே தவிரப் புத்தகம் வாங்கச் செலவிடக் கூடாது என்றும் வரம்பு கட்டினார்கள். புத்தகங்கள் நன்கொடையாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நடைமுறைக்கு உதவவில்லை; ஐந்தே ஆண்டுகளில், 1855இல், வரியை ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் அனுமதிக்க வேண்டியதாயிற்று.

சில பத்தாண்டுகளுக்குப் பிறகு, எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. பொதுவாக அவர் விதித்த நிபந்தனை, ஊர் தன் பங்காக நிலத்தைத் தரவேண்டும், கட்டடத்துக்காக அவர் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்குவதாக உறுதியளிக்கவும் வேண்டும் என்பது. அந்த உறுதியை ஏற்க மறுத்துக் கட்டடத்தையே இழந்த ஊர்கள் உண்டு. தனியார் கொடையே போதும் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான். கொடை ஒரு நாளின் நிகழ்வு, பராமரிப்பு ஆண்டாண்டுகளின் கடமை என்பது அந்தப் பெருஞ்செல்வருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மருத்துவமனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான அரசுகளின் வரவுசெலவுத் திட்டத்தில் கலைக்குரிய பங்கு மிகச் சிறியது. அதை முழுவதுமாகப் பிடுங்கினாலும் மருத்துவத்தின் பற்றாக்குறை தீராது. ஆனால் அந்தக் கணக்கோடு இதை முடித்துவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் கேள்வி தேவைகளின் வரிசையைப் பற்றியது. 1940 ஜனவரியில், இரண்டாம் உலகப் போருக்கு நடுவே, பிரிட்டனில் இசையையும் கலைகளையும் ஊக்குவிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ஓர் அறக்கட்டளை கொடுத்த 25,000 பவுண்டுக்கு ஈடாக அரசுக் கருவூலமும் 25,000 பவுண்டு கொடுத்தது. மருத்துவமனைகளுக்கும் உணவுக்கும் ஆயுதத்துக்கும் பணம் போதாத காலம் அது. அந்தக் குழுவின் ஆதரவோடு சிபில் தார்ண்டைக் போன்ற முன்னணி நடிகர்கள், தொழில்முறை நாடகம் அரிதாகவே எட்டிப்பார்த்த வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களுக்குச் சென்று ஷேக்ஸ்பியரை நடித்தார்கள். உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்த ஆண்டுகளில் அங்கே மக்கள் அரங்குகளுக்கு வந்தார்கள். மற்ற எல்லாத் தேவைகளும் நிறைவேறிய பிறகே கலை என்று ஒரு சமூகம் காத்திருக்குமானால், அந்த நாள் எந்தச் சமூகத்துக்கும் வரப்போவதில்லை.

இன்னொரு ஊரின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1935இல், அமெரிக்க அரசு வேலையிழந்த ஓவியர்களுக்கும் இசைஞர்களுக்கும் நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஊதியம் கொடுத்து வேலை தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக நாடெங்கும் சமூகக் கலை மையங்கள் தோன்றின. சிகாகோவின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த வட்டாரத்தில் அப்படி ஒரு மையம் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, கட்டடத்துக்கான பணத்தை அந்த மக்களே திரட்ட வேண்டும் என்றும் அதைச் சீரமைப்பதற்கும் ஆசிரியர்களுக்கும் அரசு பணம் தரும் என்றும் ஏற்பாடாயிற்று. அப்போது இளம்பெண்ணாக இருந்த மார்கரெட் பரோஸ் என்ற ஓவியர் தெருமுனையில் நின்று பத்து சென்ட் நாணயங்களைச் சேகரித்தார். 1940இல் திறக்கப்பட்ட அந்த மையத்தை மறு ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் முறைப்படி மக்களுக்கு அர்ப்பணித்தார். பின்னாளில் உலகறிந்த ஒளிப்படக் கலைஞராக ஆன கார்டன் பார்க்ஸ் தன் படங்களைக் கழுவிய இருட்டறை அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. சில ஆண்டுகளில் அரசுத் திட்டம் முடிவுக்கு வந்து பணம் நின்றது. ஆனாலும் அந்த மையம் அதே கட்டடத்தில் இன்றும் இயங்குகிறது.

இதே காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில், சிற்பி அகஸ்டா சாவேஜைப் பொறுப்பாளராகக் கொண்டு 1937இல் தொடங்கப்பட்ட கலை மையம், அரசுப் பணம் வற்றியபோது மூடப்பட்டுவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஊர் தன் கையால் வாங்கிய சுவர்கள் நிலைத்தன என்ற விளக்கம் முதலில் தோன்றும், அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஹார்லெமில் கற்பித்தவர்களும் கற்றவர்களும் ஆர்வத்தில் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். அவர்கள் இழந்தது, இன்னொரு பத்தாண்டு பணம் தொடர்ந்திருந்தால் இழந்திருக்க வேண்டாத ஒன்று. அந்த இழப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பணம் கொடுப்பவருக்குக் கலைஞன் பணிந்துபோவான் என்ற உங்கள் அச்சத்துக்கும் அதே திட்டம் ஆதாரம் தருகிறது என்பதை மறைக்க மாட்டேன். அதன் நாடகப் பிரிவு 1939இல் நிறுத்தப்பட்டது. அதன் நாடகங்களில் இடதுசாரிச் சார்பு இருக்கிறது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சாட்டிய குற்றம் அதற்கு முக்கியமான காரணம். ஆகவே பொதுநிதி வேண்டும் என்று சொல்கிறவர் அது எப்படிப் பகிரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். 1946இல் அமைந்த பிரித்தானியக் கலை மன்றம், அரசு மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, யாருக்கு எவ்வளவு என்பதைத் தன்னாட்சியுள்ள மன்றமே முடிவு செய்யும் முறையை வளர்த்தது. நார்வேயில் 1965 முதல், தேர்வுக் குழுவின் தகுதி வரம்பைக் கடக்கும் புதிய புனைவு நூல்களின் பிரதிகளைப் பொதுநிதியில் வாங்கி நாடெங்கும் உள்ள நூலகங்களுக்கு அனுப்புகிறார்கள். எழுத்தாளர் எந்த அமைச்சரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. அயர்லாந்தில் 2022இல், தகுதியுள்ள விண்ணப்பதாரர்களிலிருந்து குலுக்கல் முறையில் 2,000 பேரைத் தேர்ந்து, வாரம் 325 யூரோ வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. குலுக்கலில் வந்த பணத்துக்காக யாரையும் புகழவேண்டிய கட்டாயம் இல்லை. எந்த முறையும் குறையற்றதில்லை என்றாலும், பணிய வைக்காமல் பணம் கொடுக்க வழிகள் உண்டு என்பதற்கு இவை போதும். தனிப் புரவலரும் சந்தையும் கலைஞனைக் கட்டுப்படுத்துவதில்லை என்று நீங்களும் நினைக்கமாட்டீர்கள்.

பொதுநிதியைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறு. அது தலைநகரங்களிலேயே தங்கிவிடுகிறது. பிரித்தானியக் கலை மன்றமே 1950களில் தன் வட்டார அலுவலகங்களை மூடியது. தரத்தை உயர்த்துவதா, பரவலாக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது, சிலவே ஆயினும் ரோஜாக்களாக இருக்கட்டும் என்று தன் ஆண்டறிக்கையில் எழுதியது. எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. ரோஜாக்கள் தலைநகரில் பூத்திருக்க, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வரியை எல்லா ஊர்களும் செலுத்துவது அநீதி. அமெரிக்காவில் 1965இல் நிறுவப்பட்ட தேசியக் கலை நல்கை அமைப்பு, இன்று தன் நல்கைத் தொகையில் 40 சதவீதத்தை மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குக் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. தொலைவில் இருக்கும் ஊரின் பங்கு அதிகாரியின் நல்லெண்ணத்தை நம்பி இருக்கக் கூடாது, சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சொற்பப் பணம்தான் என்றால் நான் விழா நடத்த மாட்டேன், புதிய கட்டடம் கட்டவும் மாட்டேன். பள்ளி முடிந்த பிறகு காலியாகக் கிடக்கும் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்குவேன். இசையோ நாடகமோ ஓவியமோ, அந்த ஊரில் ஏற்கெனவே யாரோ சிலர் தாமாகச் செய்துகொண்டிருக்கும் ஒன்றைக் கற்பிக்கத் தெரிந்த ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்துவேன். ஓராண்டுக்கு மட்டும் கிடைக்கும் பணத்தைப் பத்தாண்டுகளுக்குப் பிரித்துத் தரமுடியுமா என்று நிதி கொடுப்பவரிடம் வாதாடுவேன், ஏனென்றால் எட்டு வயதில் வந்து சேரும் ஒரு குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை அந்த அறை திறந்திருக்க வேண்டும். மிச்சம் ஏதாவது இருந்தால், அந்த ஆசிரியருக்கு உடல்நலம் இல்லாத நாட்களில் வகுப்பெடுக்க இரண்டாவதாக ஒருவரைத் தேடுவேன்.

அன்புடன்.