அம்மாவைத் தெய்வமாக்கிய குன்று

கேள்வி: என் மகன் பெல்கிரேடில் வேலை பார்க்கிறான். செப்டம்பரில் அங்கே போகிறேன். கிழக்கு செர்பியாவில் ஒரு குன்றின்மேல் ரோமப் பேரரசர் ஒருவருக்கும் அவருடைய தாய்க்கும் சமாதி இருக்கிறது என்கிறான். எனக்கு 63 வயது, முழங்கால் வலி வேறு. அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான் அம்மா. புல் மூடிய இரண்டு மண்மேடுகள், பக்கத்தில் இடிந்துபோன இரண்டு சமாதிகள். ஆனாலும் போய் வாருங்கள், கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். முதல் தடவை நான் கதை தெரியாமல் போய், கீழே அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். காலில் செருப்பு, வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

பேரரசரின் பெயர் கலேரியஸ். சிறுவயதில் மாடு மேய்த்தவர். ‘ஆர்மென்டாரியஸ்’, அதாவது மாட்டுக்காரர் என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. படையில் சேர்ந்து உயர்ந்து, 298இல் பாரசீக மன்னன் நர்சேயைத் தோற்கடித்தார். ஓய்வுக்காலத்துக்கென்று சொந்த மண்ணிலேயே அரண்மனை கட்டி, தாய் ரோமுலாவின் பெயரால் அதற்கு ரோமுலியானா என்று பெயர் வைத்தார். அங்கே ஓய்வெடுக்கக் கொடுத்து வைக்கவில்லை, 311இல் இறந்தார். காம்சிகிராத் என்ற அந்த இடத்தை ராணுவக் கோட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1984இல் ‘ஃபெலிக்ஸ் ரோமுலியானா’ என்று பொறித்த கல் கிடைத்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது.

ரோமுலா லேசுப்பட்ட ஆள் இல்லை. மலைத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து ஊருக்கே விருந்து போடுவாராம். கிறிஸ்தவர்கள் மட்டும் சாப்பிட வராமல் விரதம் இருந்தார்களாம். அந்தக் கோபத்தில்தான் மகனை அவர்கள்மேல் ஏவிவிட்டார் என்று அந்தக் காலத்து எழுத்தாளர் லக்டான்டியஸ் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர், கலேரியஸை அடியோடு வெறுத்தவர். கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். அதே கலேரியஸ்தான் 311இல், சாகக் கிடந்தபோது, கிறிஸ்தவர்கள் வழிபட அனுமதி தந்து ஆணை போட்டார்.

சரி, ஆளுக்கு ஒரு சமாதி இருக்கும்போது மேடு எதற்கு? இரண்டாம் தடவை மேலே நின்றபோது எனக்கும் இதே கேள்விதான். சமாதி உடலுக்கு. மேடு, சிதை எரிந்த இடத்தில் குவித்த மண். ரோமப் பேரரசரைத் தெய்வமாக்கும் சடங்கில் மாடிமாடியாகச் சிதை அடுக்கித் தீ வைப்பார்கள். உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிடுவார்கள். உயிரை அது வானத்துக்குக் கொண்டுபோவதாக நம்பிக்கை. ஆக, அந்தப் புல்மேட்டில் நிற்கும்போது நீங்கள் நிற்பது ஒரு கிராமத்துத் தாய் கடவுளான இடத்தில். அதற்குப் பக்கத்திலேயே மகனுக்கும் ஒரு மேடு.

யுனெஸ்கோ 2007இல் இந்த இடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் அரண்மனைக்கு வருகிறவர்களில் பலர் குன்றுப் பக்கம் திரும்புவதே இல்லை. நான் போன அன்று மேலே என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

குன்றின் பெயர் மாகுரா. அரண்மனைக்குக் கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டர். படிக்கட்டு கிடையாது, ஏற்றம் மெதுவானதுதான். வழியில் நான்கு தூண் கொண்ட வாயில் ஒன்றின் அடிப்பாகம் வரும், அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். பெல்கிரேடிலிருந்து பஸ்ஸில் ஸாயெச்சார் போய், அன்றிரவு அங்கேயே தங்குங்கள். முதலில் அந்த ஊர் மியூசியம். கலேரியஸின் சிவந்த கல் தலை அங்கேதான் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் குன்று ஏறுவது வேறு. அங்கிருந்து டாக்சியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காத்திருப்பதற்கும் சேர்த்து முதலிலேயே பேரம் பேசிவிடுங்கள்.

அப்புறம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஒரு கைத்தடி, ஒரு பாட்டில் தண்ணீர். மேலே கடை எதுவும் இல்லை. ஏறும்போது ஒன்றும் தெரியாது. முழங்கால் பேச ஆரம்பிப்பது இறங்கும்போதுதான்.