அதிபரின் விருப்பமும் அரசியாரின் மனமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்களின் ஒப்பந்தங்கள் இரண்டை வாசித்தேன். கொடுத்த நிலத்தில் வேட்டை, மீன்பிடிப்பு, காட்டரிசி சேகரிப்பு எல்லாம் 'அதிபரின் விருப்பம் உள்ளவரை' என்கிறது அமெரிக்க அரசோடு செய்த 1837 ஒப்பந்தம். தலைக்கு ஒரு பவுண்டுக்கு மேல் ஆண்டுத்தொகை வேண்டுமென்றால் பிரிட்டிஷ் அரசியார் மனமிரங்கி ஆணையிட வேண்டும் என்கிறது கனடாவில் செய்த 1850 ராபின்சன் ஒப்பந்தம். இரண்டிலும் தலைவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தது இரக்கத்தால்தானே? இன்னொன்று: அந்த ஒரு பவுண்டு பின்னாளில் எப்படி 4 டாலர் ஆயிற்று? ஸ்டெர்லிங் கணக்கில் அதற்கு மேல் வருகிறதே.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரக்கம் இல்லை. நீங்கள் ஒப்பந்தத்தை மட்டும் வாசித்திருக்கிறீர்கள். நீதிபதிகள் அதோடு பேச்சுவார்த்தைக் குறிப்பேட்டையும் ஆணையர் அனுப்பிய அறிக்கையையும் பின்னால் பணம் பட்டுவாடா ஆன விதத்தையும் சேர்த்து வாசித்தார்கள்.

1837 ஜூலையில் ஸ்னெல்லிங் கோட்டை அருகே பேசியவர் விஸ்கான்சின் ஆளுநர் ஹென்றி டாட்ஜ். அமெரிக்கர்களுக்கு வேண்டியிருந்தது பைன் மரம். மகேகபோ என்ற தலைவர் ஓக் மரக் கொப்பு ஒன்றை மேசைமேல் வைத்து, நாங்கள் பிழைப்பு நடத்தும் ஒரு மரத்தையும் எங்களுக்கு உயிர்தரும் நீரோடைகளையும் வைத்துக்கொள்கிறோம் என்றார். குறிப்பெடுத்த செயலர் வான் ஆன்ட்வெர்ப் அதை அப்படியே எழுதிவிட்டு, இது அபத்தம், மொழிபெயர்ப்பாளர்கள் லாயக்கற்றவர்கள், வேட்டையும் மீன்பிடிப்பும் மேப்பிள் சர்க்கரை காய்ச்சுவதும் வேண்டும் என்கிறார்கள் போலும் என்று தன் அனுமானத்தையும் சேர்த்தார். எரிச்சலில் எழுதிய அந்தக் குறிப்பு இன்று நமக்குப் பெரிய சொத்து. மேசையின் அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பதற்கு இந்தப் பக்கத்து ஆளே சாட்சி. நிலம் போனாலும் பிழைப்பு போகாது என்றுதான் அவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

1850 பிப்ரவரியில் அதிபர் சக்கரி டெய்லர் அந்த உரிமையை ரத்து செய்து, மக்கள் வெளியேற வேண்டும் என்றும் ஆணையிட்டார். மேற்கே நகர்த்துவதற்காக ஆண்டுத்தொகை கொடுக்கும் இடத்தை விஸ்கான்சினின் லா பாயின்ட்டிலிருந்து மின்னசோட்டாவின் சாண்டி லேக்குக்கு மாற்றினார்கள். அக்டோபர் கடைசியில் வரச்சொல்லிவிட்டு டிசம்பரில்தான் கொடுத்தார்கள், அதுவும் அரைகுறையாக. கெட்டுப்போன உணவு, நோய், பனியில் திரும்பும் பயணம் எல்லாமாகச் சேர்ந்து சுமார் 400 பேரைக் கொன்றன.

1999-இல், மில் லாக்ஸ் என்ற அனிஷினாபே குழுவுக்கும் மின்னசோட்டா மாநிலத்துக்கும் நடந்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. அதிபரின் 'விருப்பம்' என்ற சொல்லை அது அழிக்கவில்லை. டெய்லரின் ஆணை அடிப்படையில் வெளியேற்ற ஆணை. அப்படி வெளியேற்ற, பூர்வகுடிகளை மேற்கே இடம்பெயர்ப்பது பற்றிய 1830-ஆம் ஆண்டுச் சட்டமும் அதிகாரம் தரவில்லை, 1837 ஒப்பந்தமும் தரவில்லை. உரிமையை ரத்து செய்த வரியைத் தனியே பிரித்து நிறுத்தமுடியாது, ஆகவே அதுவும் சேர்ந்து விழுந்தது. 1855-இல் எழுதிக்கொடுத்த இன்னொரு ஒப்பந்தத்தில் எல்லா உரிமையையும் விடுவதாக வாசகம் இருக்கிறதே என்றது மாநிலம். அங்கே வேட்டை, மீன்பிடிப்பு பற்றிப் பேச்சே இல்லை, அவற்றைப் பறிக்க நினைத்திருந்தால் வெளிப்படையாக எழுதத் தெரிந்தவர்கள்தான் எழுதினார்கள் என்றது நீதிமன்றம்.

கனடாவின் கதையில் கணக்கு முக்கியம். 1850 செப்டம்பரில் சூ செயின்ட் மேரியில் அரசின் ஆணையர் வில்லியம் ராபின்சன் இரண்டு ஒப்பந்தங்கள் செய்தார். சுப்பீரியர் ஏரிப் பக்கம் 1,240 பேர், ஆண்டுக்கு 500 பவுண்டு. ஹூரான் ஏரிப் பக்கம் 1,422 பேர், 600 பவுண்டு. தலைவர் ஷிங்வாக்கான்ஸ் கேட்டது தலைக்கு 10 டாலர். ராபின்சன் கையில் பணம் குறைவு, நிலமும் பாறைக்காடு என்று வாதிட்டார். அதனால் பிறந்ததுதான் உயர்வு விதி: நிலத்தின் வருமானம் அரசுக்கு நட்டமின்றி இடம்கொடுத்தால் தொகை அவ்வப்போது உயரும், தலைக்கு ஒரு பவுண்டுக்கு மிகாது, 'அல்லது அரசியார் மனமிரங்கி ஆணையிடும் கூடுதல் தொகை'. பேரத்தில் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வாங்கிய வாக்கு இது. நீங்கள் இதைச் சலுகையாக வாசித்ததுதான் பிசகு. 

1875-இல் தொகை தலைக்கு 4 டாலர் ஆயிற்று. சுரங்கமும் மரமும் கொட்டிக்கொடுத்த பிறகும் அதே 4 டாலர்தான். 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம், அரசு தன் வாக்கைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்றது. அரசியாரின் 'மனம்' கட்டற்றதல்ல. உயர்த்தமுடியுமா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும், நேர்மையாக முடிவெடுக்கவேண்டும், அந்த முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். ஹூரான் பக்கத்து 21 சமூகங்கள் அதற்கு முன்பே, 2023-இல், 1,000 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. மத்திய அரசு பாதி, ஒன்டாரியோ பாதி.

உங்கள் பவுண்டுக் கணக்கு. ஒப்பந்தத்தை மறுபடி பாருங்கள், 'மாகாண நாணயம்' என்றிருக்கும். ஸ்டெர்லிங் அல்ல. கனடா மாகாணத்தில் அன்று ஒரு பவுண்டு 4 டாலர். எனவே 500 பவுண்டு என்பது 2,000 டாலர். தலைக்கு 1 டாலர் 61 சென்ட். ஹூரான் பக்கம் 1 டாலர் 69 சென்ட். 1875-இல் வந்த 4 டாலர் அந்த ஒரு பவுண்டு வரம்பேதான்.