சிட்டி மீது வழக்கு இருக்கட்டும், முதலில் அந்தப் பங்கை விடுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். நானும் நண்பரும் (அவர் அமெரிக்கக் குடிமகன்) ஒரு எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) தொடங்கி, கஞ்சா சில்லறைக் கடை வைக்க சிட்டி நிர்வாகத்தில் விண்ணப்பித்தோம். என் பங்கு 25 சதவீதம். இடம் பிடித்து ஓராண்டுக்கு மேல் வாடகையும் கட்டிவிட்டோம். கவுன்சில் உறுப்பினர் ஒருவர் நேரிலேயே “கவலைப்படாதீர்கள்” என்றார். கடைசியில் மதிப்பெண் போட்டு, ஆள் பழக்கமுள்ள வேறு இருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 2016 ஓட்டெடுப்பில் எங்கள் ஊர் மக்களே கஞ்சாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்! என் சேமிப்பு மொத்தமும் போய்விட்டது. சிட்டி மீது வழக்குப் போடலாமா? அதுவரை டெலிவரி மட்டும் ஆரம்பிப்போம் என்கிறார் நண்பர். பி.கு.: அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்தப் பின்குறிப்புதான். அதற்கு வருகிறேன். சிட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம்.

ஊர் எப்படி ஓட்டுப் போட்டது என்பது உங்களுக்கு உதவாது. மாநிலத்தில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி அன்று நிறைவேறிய 64ஆவது முன்மொழிவே, கடைகளை அனுமதிப்பதா, எத்தனை, எங்கே என்பதை அந்தந்த சிட்டிக்கும் கவுன்டிக்கும் விட்டுவிட்டது. மருத்துவக் கஞ்சாக் கடைகளைக்கூட ஒரு சிட்டி அடியோடு தடை செய்யலாம் என்று ரிவர்சைடு நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லியாயிற்று. கவுன்சில் உறுப்பினரின் வாய்வார்த்தையை வைத்து சிட்டியைக் கட்டிப்போட முடியாது. பர்மிட் வருமுன் கட்டிய வாடகை உங்கள் சொந்த ரிஸ்க். யாருக்கு யாரைத் தெரியும் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். மதிப்பெண் போட்டதில் சிட்டி தன் விதியையே மீறியது என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், அந்த முடிவை மறுபார்வை செய்யக் கோரி நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கெடு பெரும்பாலும் 90 நாள். ஜெயித்தால் கிடைப்பது “மறுபடி பரிசீலியுங்கள்” என்ற உத்தரவுதான். போன சேமிப்பு அதில் திரும்பாது.

இந்த ரிட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மனுவோடு, “நான் இந்தக் கஞ்சா வியாபாரத்தின் உரிமையாளர், இவ்வளவு முதலீடு செய்தேன், இன்னின்ன சரக்கு விற்கத் திட்டமிட்டேன்” என்று உறுதிமொழி வாக்குமூலம் கொடுப்பீர்கள். நண்பருக்கு அது வழக்குக் காகிதம். உங்களுக்கு அது, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமான ஒரு தொழிலில் இறங்கியதாக நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும் சாட்சி.

குடியேற்ற அதிகாரிக்கு மாநிலச் சட்டம் பொருட்டே இல்லை. மாநிலம் அனுமதித்திருந்தாலும் சரி, கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதுகூட குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தையைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் தன் கொள்கைக் கையேட்டிலேயே எழுதிவைத்தது. தண்டனை தேவையில்லை, கைதும் தேவையில்லை. போதைப்பொருள் வியாபாரத்தில் பங்குண்டு என்று “நம்பக் காரணம்” இருந்தாலே நாட்டுக்குள் நுழையும் தகுதி போகலாம். கூட்டாட்சி அரசின் போதைப்பொருள் பட்டியலில் கஞ்சாவைக் கீழ்ப்படிக்கு இறக்கினால் சரியாகிவிடும் என்று பலர் எனக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார்கள். எந்தப் படியில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். குடியேற்றச் சட்டத்தின் இந்தப் பிரிவுகளுக்கு அது போதும்.

அதனால் டெலிவரிப் பேச்சே வேண்டாம். லைசென்ஸ் பெற்ற வியாபாரிதான் டெலிவரி செய்யலாம். உள்ளூர் விதிக்கு முரணான இடத்துக்கு மாநில லைசென்ஸ் வராது. லைசென்ஸ் இல்லாத வியாபாரத்துக்குத் தெரிந்தே உடந்தையாக இருப்பவருக்குக்கூட 2022 முதல் ஒரு மீறலுக்கு 30,000 டாலர் வரை அபராதம், ஒவ்வொரு நாளும் தனி மீறல். நண்பர் அதைப் பணத்தோடும், மிஞ்சிப்போனால் ஒரு சின்ன கிரிமினல் கேஸோடும் முடித்துக்கொள்வார். உங்களுக்கு அது கிரீன் கார்டு.

கடை திறக்கவே இல்லை என்பது உங்களுக்கு நல்ல நேரம். ஆனால் பெயர் வெளியே வராது என்று நினைக்க வேண்டாம். பங்கு 20 சதவீதம் இருந்தாலே கலிஃபோர்னியா சட்டத்தில் நீங்கள் “உரிமையாளர்”. சிட்டியில் கொடுத்த விண்ணப்பமும் பொது ஆவணம் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எல்.எல்.சி. வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் பங்கு லாப நஷ்டத்தைக் காட்டும் கே-1 படிவம் உங்கள் பெயரில் வரும்.

ஆகவே சமரசமாக வெளியேறுங்கள், நஷ்டத்தோடு. இதில்தான் எனக்குத் தெரிந்த ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். “என் பங்கை வாங்கிக்கொள், கடை திறந்ததும் விற்பனையிலிருந்து மாதாமாதம் கொடு” என்று கடன் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். காகிதத்தில் வெளியே வந்தாயிற்று. பணமோ வருடக்கணக்கில் கஞ்சா விற்பனையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். முன்பிருந்ததைவிட மோசம். போட்டதில் பாதிதான் கிடைக்கும் என்றாலும், நண்பரின் சொந்தப் பணத்திலிருந்து ஒரே தவணையாக வாங்குங்கள். கடை திறந்தால் கூடுதல் தொகை என்ற ஷரத்தும் வேண்டாம்.

அடுத்து லீஸ். நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்; கட்டட உரிமையாளர்கள் அது இல்லாமல் இந்தத் தொழிலுக்கு இடம் தருவது அபூர்வம். எல்.எல்.சி.யிலிருந்து விலகினால் அந்த ஜாமீன் தானாகப் போகாது. டெபாசிட்டை விட்டுக்கொடுத்தாவது, உங்கள் பெயரைச் சொல்லி விடுவிக்கும் கடிதம் வாங்குங்கள். “பார்த்துக்கலாம்” என்று நண்பர் சொல்வது போதாது.

சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். குடியுரிமைப் படிவத்தில் போதைப்பொருள் விற்பனை பற்றி நேரடிக் கேள்வி உண்டு. என்ன பதில் எழுதுவது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மறைத்து எழுதினால் அது தனிக் குற்றம். பொங்கல் பயணத்தையும் அவரிடம் கேட்டுவிட்டே உறுதி செய்யுங்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் உங்கள் போனைத் திறந்து பார்க்க எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. கடைக்கான இன்வாய்ஸும் பார்ட்னர்ஷிப் வாட்ஸ்அப் குழுவும் அதில்தான் இருக்கும். பயந்துபோய் அவற்றை இப்போது அழித்துவிடாதீர்கள். வழக்கு வந்தால் ஏன் அழித்தீர்கள் என்றும் கேட்பார்கள்.