நிலம் பட்டாவாக இருக்கலாம், வரத்துக் கால்வாய் பட்டா இல்லையே

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே இருந்த புஞ்சை நிலத்தில் மனை போடுகிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் மண்ணடித்து சாலையும் போட்டாயிற்று. கேட்டால், "பட்டா நிலம், ஏரியைத் தொடவே இல்லையே" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஏரிக்கும் கரைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஏரியை நிரப்பும் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெரும்பாலும் தனியார் பட்டாதான், அங்கே அங்கீகாரம் வாங்கி வீடு கட்டுவதை அடியோடு தடுக்கச் சட்டம் இல்லை. 2015 வெள்ளத்தில் தாம்பரம் அருகே முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பிறகும் இந்த ஓட்டையை அடைக்காதது பெரிய கொடுமை. மண் குடித்த மழையெல்லாம் இப்போது சிமென்ட் தரையில் விழுந்து, கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டு, போக வழியில்லாமல் பழைய வீடுகளுக்குள் புகுகிறது.

ஆனால் கால்வாய் விஷயம் வேறு. அரசின் இ-சேவை தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் எடுங்கள். வாய்க்கால் இரண்டு கோடுகளாக, பெரும்பாலும் தனி உட்பிரிவாக இருக்கும். அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், மனை வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே பட்டை அங்கே 30 அடி சாலையாகியிருக்கும். இதுதான் உங்கள் முக்கிய ஆதாரம். புறம்போக்கை யாரும் விற்கவோ சாலையாக்கவோ முடியாது.

அப்புறம், ஏரி யாருடையது என்று கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை (பழைய பொதுப்பணித் துறை), அதற்கு 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சின்ன ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம், அங்கே 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான். தாசில்தாருக்கும் அந்தத் துறைக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாளிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், மழை பெய்யும்போது எடுத்தால் இன்னும் நல்லது.

சரி, மனு போட்டாயிற்றே என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம். மனு நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது. கால்வாயைப் பழையபடி மீட்டுத் தரக் கேட்பது 15-ஆம் பிரிவு, அதற்கு ஐந்து ஆண்டு. மண்ணடித்த தேதிக்கு ஆதாரம் கிடைத்ததும், இரண்டையும் ஒரே மனுவில் கேட்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.