ஆகஸ்ட் கிரகணத்துக்குத் தொலைகாட்டி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம். மகன் தரம் 10 படிக்கிறான். இரவானால் முற்றத்தில் பாயைப் போட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் போகிற ரியூசன் நிலையத்துக்கு ஒருவர் தொலைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இந்த ஆகஸ்ட் 12 எரிகல் மழைக்கும் 28 சந்திர கிரகணத்துக்கும் இது கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். 525 மடங்கு பெருப்பிக்குமாம். விலை 68,000 ரூபா, 12 தவணை. சூரியனைப் பார்க்கிற கண்ணாடி இலவசமாம். சாதாரண தரப் பரீட்சைக்கும் உதவுமாம். 5,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். மிச்சத்துக்கு ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்கிறார். போடலாமா? பிள்ளையை இரவில் வெளியே விடவும் பயமாக இருக்கிறது.

பதில்: போடாதீர்கள், தங்கச்சி. மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன். முதலில் அந்தப் படிவத்தைத் தூர வையுங்கள்.

அந்த மனிதர் சொன்ன கிரகணம் வன்னியில் தெரியாது. 2026 ஆகஸ்ட் 28 அன்று சந்திர கிரகணம் நடக்கப்போவது உண்மைதான். சந்திரனின் விட்டத்தில் நூற்றுக்கு 93 பங்கு பூமியின் நிழலுக்குள் போகும். ஆனால் அது நடக்கும்போது இங்கே பகல். நிழல் சந்திரனைத் தொடுவது நம் நேரப்படி காலை எட்டு மணிக்குப் பிறகு, உச்சம் 9.43க்கு. சந்திரனோ அன்று காலை ஆறு மணி கடந்த கொஞ்ச நேரத்திலேயே மேற்கே மறைந்துவிடும். அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். உங்கள் மகன் 525 மடங்கு அல்ல, ஐயாயிரம் மடங்கு பெருப்பிக்கும் கருவியை வைத்திருந்தாலும் ஒட்டுசுட்டானில் அதைக் காண முடியாது. கிரகணம் தெரியாத ஊரில் கிரகணத்தைச் சொல்லிப் பொருள் விற்கிறவரிடம் வேறு எதை நம்புவது?

இதைச் சரிபார்க்கப் படிப்பு ஒன்றும் வேண்டாம். சந்திர கிரகணம், சந்திரன் வானத்தில் நிற்கிற எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். ஆகவே நேரத்தை மட்டும் பாருங்கள். UTC என்று எழுதுகிற உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் நம் நேரம். அது இரவு என்றால் தெரியும், பகல் என்றால் தெரியாது. அந்தி அல்லது விடியல் என்றால் பாதி தெரியலாம். இந்த மார்ச் 3ஆம் திகதி அப்படித்தான் நடந்தது. முழுக் கிரகணம் மாலை 5.33க்கே முடிந்துவிட்டது. சந்திரன் நமக்கு உதித்தது அதற்குப் பிறகு, ஒரு பக்கம் கடிபட்டபடி. 6.47க்கு எல்லாம் சரி. அன்று இரவு ஒன்பது மணிக்கு "இரத்த நிலா எப்போது வரும் சேர்?" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். போனில் வந்த படத்தை நம்பி முற்றத்தில் பிள்ளைகளோடு காத்திருந்தவர்கள்.

நமக்கு உண்மையில் தெரியப்போகிறவை எவை? 2027 பெப்ரவரி 21 விடியற்காலை ஒன்று வருகிறது. அது புறநிழல் கிரகணம், பூமியின் மங்கலான வெளிநிழல் மட்டும் சந்திரனில் படுவது. ஓரம் இலேசாக மங்கியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். அதற்கும் யாராவது பெட்டியோடு வருவார்கள், கவனம். 2028 ஜூலை 6 இரவு பத்தரை கடந்து தொடங்கும் பகுதிக் கிரகணம் நல்ல வரட்சிக் காலத்தில் வருகிறது. சந்திரனின் விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு இருளும். பெரியது 2028 டிசம்பர் 31, ஞாயிறு. இரவு எட்டரைக்குப் பிறகு நிழல் ஏறத் தொடங்கும். ஒன்பதே முக்கால் தொட்டுப் பதினொரு மணிவரை, ஏறக்குறைய 71 நிமிடம், முழுச் சந்திரனும் செம்புக் குடம்போல் நிற்கும். மாரி மழைதான் விட வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் தொலைகாட்டி கட்டாயம் இல்லை. வெறும் கண் போதும். கையில் காசு இருந்தால் 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருக்கிற பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். நிழல் ஊர்ந்து போகிற விளிம்பு அதில் மிக அழகாகத் தெரியும். பகலில் குளத்துப் பறவைகளையும் பார்க்கலாம்.

எரிகல் பொழிவுக்குத் தொலைகாட்டி தேவையில்லை என்பதோடு முடியாது, அது இடைஞ்சல். எரிகல் வானத்தின் எந்த மூலையிலும் ஓடும், ஒரு விநாடி இருக்காது. தொலைகாட்டிக்குள் தெரிகிற வானம், கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் எவ்வளவை மறைக்குமோ ஏறத்தாழ அவ்வளவுதான். பப்பாசிக் குழலுக்குள்ளால் கோயில் வாணவேடிக்கை பார்க்கிற கதை அது.

அந்த 525 எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 700 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள குழாயில் 4 மில்லிமீற்றர் கண்வில்லையை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லையை, போட்டால் 175 மடங்கு. அதோடு மூன்று மடங்கு ஆக்குகிற இன்னொரு வில்லையைப் பூட்டிப் பெருக்கினால் 525. கணக்கு சரி, உருவம் சரியில்லை. ஒரு தொலைகாட்டி பயன்படும்படி பெருப்பிக்கக்கூடிய எல்லை, அதன் முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ அதன் இரண்டு மடங்கு. 60 மில்லிமீற்றர் என்றால் 120. அதற்கு மேல் போனால் மங்கல் பெரிதாகும், வேறொன்றும் ஆகாது. மெல்லிய முக்காலியில் அதைச் சோளகக் காற்றுக்குள் வைத்தால் சந்திரன் கண்ணுக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும். பிள்ளை இரண்டு இரவு பாடுபட்டுவிட்டு, தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவான். எனக்கு வருகிற கோபம் அதில்தான். காசு போவது ஒரு பக்கம். ஆர்வமாக இருந்த ஒரு பிள்ளையை அந்தப் பெட்டி திருப்பி அனுப்பிவிடுகிறது.

இலவசக் கண்ணாடியைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். சந்திர கிரகணத்தை எவரும் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் பார்க்கலாம். கர்ப்பிணிப் பெண்களும் பார்க்கலாம். அது நிலவொளி, நிழல் விழுந்து குறைந்த நிலவொளி. விலக்கு சூரியன் ஒன்றுதான். இந்த மலிவுப் பெட்டிகளில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், கண்வில்லையில் திருகிப் பூட்டுகிற மாதிரி. சூரியனுக்கு என்று போட்டிருப்பார்கள். தொலைகாட்டி சூரிய வெப்பத்தை எல்லாம் திரட்டிக் கொண்டுவந்து குவிக்கிற இடம் அதுதான். பூதக்கண்ணாடியால் கடதாசியை எரித்த பிள்ளைக்கு அது விளங்கும். அந்தக் கறுப்புக் கண்ணாடி சூட்டில் எந்த நேரமும் வெடிக்கலாம், கண் அப்போது அதன் பின்னால் இருக்கும். வலியும் தெரியாது, ஏனென்றால் விழித்திரைக்கு வலி உணர்வு இல்லை. கடதாசிச் சட்டம் போட்ட கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைகாட்டிக்குள்ளால் பார்ப்பதும் அதே அழிவு. குவிந்த வெப்பம் அந்தத் தாளை எரித்துவிடும். தொலைகாட்டியால் சூரியனைப் பார்ப்பதென்றால் வடிகட்டி குழாயின் முன்பக்கத்தில், முழு வாயையும் மூடி இருக்க வேண்டும். 2010 ஜனவரியிலும் 2019 டிசம்பரிலும் வட இலங்கைக்குக் கங்கண சூரிய கிரகணம், சூரியன் வளையமாகத் தெரிகிற கிரகணம், வந்தபோது எக்ஸ்ரே படத்தையும் சீடியையும் பிடித்துப் பார்த்தவர்களை நான் கண்டேன். அவையும் கூடாது. எவர் அந்தத் தொலைகாட்டியை வாங்கி வைத்திருந்தாலும், இன்றைக்கே அந்தத் திருகு கண்ணாடியை எடுத்து உடைத்துப் புதையுங்கள்.

பரீட்சைக்கு உதவும் என்றது பொய். சொந்தமாகத் தொலைகாட்டி வைத்திருப்பதற்குச் சாதாரண தரத்தில் ஒரு புள்ளியும் இல்லை. வானியல் ஒலிம்பியாட்டில் மகனுக்கு விருப்பம் என்றால் கணிதத்தையும் பௌதிகவியலையும் பிடிக்கச் சொல்லுங்கள்.

பாடசாலையில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம். சொல்லக் கை வரவில்லை. நான் படிப்பித்த ஓரிடத்தில் நல்ல தொலைகாட்டி ஒன்று வந்தது. பொருட்பதிவேட்டில் ஏறியது, அலுமாரிக்குள் போனது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வியில் ஏழு வருடம் பெட்டி பிரிக்கப்படவில்லை. நான் ஓய்வுபெறும்போது வில்லையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நாட்டின் கோளரங்கம் கொழும்பில். ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி மொரட்டுவைக் கட்டுபெத்தையில், நகர வெளிச்சத்துக்கு நடுவே. இருண்ட வானமோ முல்லைத்தீவிலும் மாந்தையிலும் கிடக்கிறது. ஒரு நல்ல கருவியை ஒரு வான் வண்டியில் ஏற்றி வருடம் இரண்டு தரம் வன்னிப் பாடசாலைகளுக்கு அனுப்புவது அத்தனை பெரிய வேலையா? அது நடந்திருந்தால் தவணைப் படிவத்தோடு வருகிறவருக்கு இங்கே இடமே இருந்திருக்காது. நுண்கடன் இந்த மாவட்டத்துத் தாய்மாரை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது அதே படிவம் பிள்ளையின் படிப்பைக் காட்டிக்கொண்டு வருகிறது.

சரி, ஆகஸ்ட் 12க்கு வருவோம். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நமக்குரியது. பேர்சீட் எரிகல் பொழிவு, சுவிஃப்ட்-டட்டில் என்ற வால்வெள்ளி விட்டுப்போன தூசுக்குள்ளால் பூமி போவதால் வருவது. மணல் பருமனான துணிக்கைகள் விநாடிக்கு 59 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, நூறு கிலோமீற்றர் உயரமளவில் எரிந்துவிடும். எதுவும் தலையில் விழாது. இந்த வருடம் 12ஆம் திகதி ஆடி அமாவாசை. நிலவு இல்லாத இரவு, வரட்சிக் காலம், இதைவிட நல்ல அமைப்பு கிடைப்பது கடினம். விரதம் முடித்துச் சாப்பிட்டுவிட்டு மகனை நேரத்தோடு படுக்கச் சொல்லுங்கள். 13ஆம் திகதி விடியப்புறம் இரண்டு மணிக்கு எழுப்பினால் போதும். இரண்டிலிருந்து ஐந்துவரைதான் நேரம். மோட்டார் சைக்கிளில் மழைக்குள் போனால் நெஞ்சுப் பக்கம்தான் கூட நனையும். அதுபோலத்தான் இதுவும்: பூமி ஓடுகிற திசைக்கு நாம் முகம் கொடுப்பது நள்ளிரவுக்குப் பிறகு.

வடக்கே காலை நீட்டிச் சாய்மனைக் கதிரையில் படுக்கட்டும். ஒரு புள்ளியை உற்றுப் பார்க்காமல் வானம் முழுவதையும் கண்ணுக்குள் விட வேண்டும். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும், அதற்குள் ஒரு தரம் போனைப் பார்த்தாலும் திரும்ப முதலிலிருந்துதான். ரோச் லைற்றுக்குப் பட்டம் ஒட்டுகிற சிவப்புத் தாளைக் கட்டிக் கொடுங்கள். மணிக்கு நூறு விழும் என்று எழுதுவார்கள். அது பொழிவு கிளம்பும் புள்ளி தலைக்கு நேரே நிற்கிற ஊருக்கான கணக்கு. நமக்கு அது வடக்கே தாழ்வாகத்தான் நிற்கும். மணிக்கு முப்பது, நாற்பது கண்டால் நல்ல இரவு. டிசம்பர் 13 இரவு ஜெமினிட் என்ற இன்னொரு எரிகல் பொழிவு இதைவிட நமக்கு உயரத்தில் வரும், நிலவும் பத்து மணியளவில் மறைந்துவிடும். முகில்தான் தடை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். குளக்கட்டுக்குப் போக விடாதீர்கள். ஆகஸ்டில் தண்ணீர் தேடி யானை வருகிற இடம் அது. பற்றைக் காணிகளும் வேண்டாம், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கமே வேண்டாம், பலகை விழுந்திருக்கலாம். உங்கள் முற்றம் போதும். வெளி விளக்கை அணைத்துவிடுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் ஒரு சொல் சொல்லுங்கள். தரையில் பாய் போடாமல் கதிரை அல்லது கட்டில் போடுங்கள், புடையன் திரிகிற காலம். கூட ஒரு பெரியவர் இருக்கட்டும். அது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த 5,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் திகதி, இடம், அவர் சொன்னவை எல்லாவற்றையும் இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். பொருள் வேண்டாம், முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே தெரியாத கிரகணத்தைக் காட்டி விற்றதையும் அதில் குறிப்பிடுங்கள். வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. தராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை ரியூசன் நிலையப் பொறுப்பாளரிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்த தாயிடம் அந்தப் படிவம் நீட்டப்படுவதற்கு முன் அது அங்கே இருக்க வேண்டும்.